ரெஃபரன்ஸ் முறை சரியில்லை என்று கட்டுரை திரும்பி வந்திருக்கிறது, மொத்தத்தையும் மாற்றச் சுலபமான வழி இருக்குங்களா?

நொய்யல்காரன், ஈரோடு:
வணக்கமுங்க. நொய்யல் படுகையில் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே உள்ள கிணற்று நீர் பற்றிய கட்டுரை. முதலில் பார்த்த ஜர்னலுக்காக ஏபிஏ முறையில் (ஆசிரியர் பெயர், ஆண்டு என்று காட்டுவது) எழுதியது, அவர்கள் தங்கள் எல்லைக்குள் வராது என்று சொல்லிவிட்டதால் வேறு ஜர்னலுக்கு அனுப்பினேன். அங்கே ரிவியூவருக்கே போகவில்லை. "ரெஃபரன்ஸ் எங்கள் முறைப்படி இல்லை" என்று இரண்டு வரி மெயிலோடு ஆபீஸ் மட்டத்திலேயே திருப்பிவிட்டார்கள். அவர்களுக்கு எண் முறை வேண்டுமாம், சதுர அடைப்புக்குள் எண், கட்டுரையில் எது முதலில் வருகிறதோ அது ஒன்று. என்னிடம் அறுபதுக்கு மேல் இருக்கிறது, எல்லாம் வேர்டில் கையால் தட்டியவை. நடுவில் ஒன்றைச் செருகினால் அதற்குக் கீழே எல்லா எண்ணும் நகரும், நினைத்தாலே தலை சுற்றுகிறது. கைடு "கடையில் கொடு தம்பி, மாற்றித் தருவார்கள்" என்கிறார். இன்னொரு சிக்கலும் உண்டு: ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, குடிநீர் தரநிலை, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அறிக்கை ஒன்று, இவற்றையெல்லாம் எப்படிப் போடுவது என்றே தெரியவில்லை. யாராவது சொல்லுங்க.

வேடிக்கை பார்ப்பவன்:
சாட்ஜிபிடியிடம் பட்டியலை ஒட்டி "எண் முறைக்கு மாற்று" என்று சொன்னால் ஒரு நிமிஷ வேலை. இதுக்கு எதுக்கு ஒரு பஞ்சாயத்து?

நூலகத்து அக்கா, கோவை:
தம்பி, மேலே சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். ரெஃபரன்ஸ் என்பது இரண்டு சமாசாரம். ஒன்று தகவல்: யார் எழுதியது, எந்த ஆண்டு, தலைப்பு, ஜர்னல், தொகுதி, இதழ், பக்கம், டிஓஐ (இணையத்தில் கட்டுரைக்குக் கொடுக்கும் நிரந்தர அடையாள எண்). இன்னொன்று அந்தத் தகவலை எந்த வரிசையில், எங்கே புள்ளி, எங்கே சாய்வெழுத்து வைத்து அடுக்குவது. இரண்டாவதை மென்பொருள் செய்யும், அதற்காக நீங்கள் ராத்திரி விழிக்க வேண்டியதில்லை. முதலாவது தப்பாக இருந்தால் எந்த மென்பொருளும் காப்பாற்றாது. எங்கள் மேசைக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் புள்ளியையும் கமாவையும் பார்த்துப் பதறுகிறார்கள், தொகுதி எண் தப்பாக இருப்பதைப் பார்ப்பதே இல்லை.

கையால் தட்டிய பட்டியல் இருக்கிறதா, பரவாயில்லை. டிஓஐ எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் தளத்தில் "சிம்பிள் டெக்ஸ்ட் குவெரி" என்று ஒரு பக்கம் உண்டு, இலவசம். பட்டியலை அப்படியே ஒட்டினால் எதற்கெல்லாம் டிஓஐ கிடைக்கிறதோ அதையெல்லாம் பக்கத்தில் போட்டுத் தரும். அப்புறம் ஜோட்டரோ என்ற ரெஃபரன்ஸ் மென்பொருளை இறக்குங்கள், அதுவும் இலவசம்தான், 2006-இல் இருந்து இருக்கிறது. மேலே மந்திரக்கோல் மாதிரி ஒரு பொத்தான் இருக்கும், அதில் டிஓஐ எண்களை மொத்தமாக ஒட்டினால் ஆசிரியர், ஆண்டு, தொகுதி எல்லாம் தானாக வந்து உட்காரும். புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன் எண் போதும். பிறகு வேர்டில் நீங்கள் தட்டிய பெயர்-ஆண்டு ஒவ்வொன்றையும் அழித்து அந்த இடத்தில் ஜோட்டரோ வழியாக மேற்கோளைச் செருக வேண்டும். இது ஒன்றுதான் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. அது முடிந்துவிட்டால் இந்த ஜர்னலும் வேண்டாம் என்று சொன்னாலும் கவலையில்லை, ஸ்டைல் பெயரை மாற்றி ஒரு கிளிக்.

லேடெக்ஸ் பைத்தியம்:
வேர்டை விட்டு லேடெக்ஸ் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளுக்கு வாங்க சாமி. அதன் ரெஃபரன்ஸ் கருவியான பிப்டெக்ஸ் 1985-இல் இருந்தே இந்த வேலையைச் செய்கிறது. ஒரு வரியில் ஸ்டைல் பெயரை மாற்று, ஓட்டு, முடிந்தது.

நூலகத்து அக்கா, கோவை:
அவருடைய கைடு திருத்தம் போடுவது வேர்டில். இந்த நேரத்தில் லேடெக்ஸ் கற்றுக்கொள் என்றால் அடுத்த பொங்கலுக்குத்தான் கட்டுரை போகும்.

டிடிபி கடை, சேலம்:
பல்கலைக்கழகம் பக்கம் கடை வைத்திருக்கிறேன், தீசிஸ் டைப்பிங், பைண்டிங். கடையில் கொடுத்தால் மாற்றித் தருவார்கள் என்று கைடு சொன்னது நிஜம்தான், நாங்களும் மாற்றித் தருகிறோம், பக்கத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறோம். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், எங்கள் பையன்கள் பார்ப்பது கமா, புள்ளி, சாய்வெழுத்து. 2014 என்பது 2041 என்று இருந்தால் அதையும் அழகாகச் சாய்த்துக் கொடுப்பார்கள். உள்ளே இருப்பது உண்மையா என்று பார்ப்பது எங்கள் வேலை இல்லீங்க.

அப்புறம், ஜோட்டரோ, மெண்டலே எதுவாக இருந்தாலும் வேர்டு ஃபைலில் அது வைக்கும் மேற்கோள் சாதாரண எழுத்து இல்லை, உள்ளே குறியீடு இருக்கும். அதைத் தொட்டால் சாம்பல் நிறம் காட்டும். ஆட்கள் அதன் மேலேயே கையால் திருத்துகிறார்கள், அடுத்த முறை புதுப்பித்ததும் பழையபடி திரும்பிவிடுகிறது, "கம்ப்யூட்டர் சரியில்லை" என்று எங்களிடம் வந்து சண்டை. திருத்தம் எல்லாம் ஜோட்டரோவுக்கு உள்ளே செய்யணும்.

நொய்யல்காரன், ஈரோடு:
அக்கா, ரொம்ப நன்றிங்க. கிராஸ்ரெஃப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன், முக்கால்வாசிக்கு மேல் டிஓஐ வந்துவிட்டது. ஆனால் ஜோட்டரோவில் ஏறியதில் சில பெயர்கள் தலைகீழாக இருக்கின்றன. முருகேசன் என்ற ஆசிரியர் "கே., எம்." என்று வருகிறார். முருகேசன் எங்கே போனார்?

நூலகத்து அக்கா, கோவை:
இதுதான் நம்ம ஊர்க்காரர்களுக்கென்றே உள்ள தலைவலி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்து அல்லது ஊர் பெயரின் முதலெழுத்துதான். பதிப்பகத்தின் படிவம் "கடைசிப் பெயர்" என்று ஒரு கட்டம் வைத்திருக்கும். "முருகேசன் கே" என்று எழுதும் பழக்கம் உள்ளவர் அந்தக் கட்டத்தில் "கே" என்று நிரப்புவார். மென்பொருள் அதைக் குடும்பப் பெயர் என்று நம்பி, முருகேசனை "எம்." என்று சுருக்கிவிடும். தகவல் பிறந்த இடத்திலேயே கோணல், அதனால் கிராஸ்ரெஃபும் ஸ்கோபஸ் என்ற கட்டுரைத் தரவுத்தளமும் அதையே சுமக்கின்றன. ஜோட்டரோவில் இரண்டு கட்டத்தையும் நீங்களே இடம் மாற்றுங்கள்: கடைசிப் பெயர் முருகேசன், முதல் பெயர் கே. அந்தக் கட்டுரையின் பிடிஎஃப் முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், ஊகத்தில் செய்யாதீர்கள். சிலர் இரண்டையும் முழுப்பெயராகவே எழுதுவார்கள், எது அவர் பெயர், எது அப்பா பெயர் என்று வெளியே இருந்து சொல்ல முடியாது. அப்போது அவருடைய மற்ற கட்டுரைகளில் எப்படி வந்திருக்கிறது என்று பார்த்து அதையே பின்பற்றுங்கள்.

லேடெக்ஸ் பைத்தியம்:
பிப்டெக்ஸிலும் இதே கதைதான், "கே. முருகேசன்" என்றோ "முருகேசன், கே." என்றோ எழுதினால் ஒழுங்காக வரும், கமா இல்லாமல் "முருகேசன் கே" என்று எழுதினால் "கே"தான் குடும்பப் பெயர் ஆகும். நிறுவனம் ஆசிரியராக வந்தால் இன்னும் வேடிக்கை. பீரோ ஆஃப் இந்தியன் ஸ்டாண்டர்ட்ஸ் என்று வெறுமனே எழுதினால், "பீரோ" முதல் பெயர், "இந்தியன் ஸ்டாண்டர்ட்ஸ்" குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு "பி. ஆஃப் இந்தியன் ஸ்டாண்டர்ட்ஸ்" என்று அச்சாகும். அச்சாகி வந்த கட்டுரைகளிலேயே இப்படிப் பார்த்திருக்கிறேன். இரட்டை நெளி அடைப்புக்குள் போட்டால் பிரிக்காது. தலைப்பில் பிஹெச் மாதிரி நடுவில் பெரிய எழுத்து வந்தாலும் நெளி அடைப்பு போடுங்க, இல்லையென்றால் பல ஸ்டைல்கள் அதைச் சின்ன எழுத்தாக்கிவிடும்.

நூலகத்து அக்கா, கோவை:
ஜோட்டரோவிலும் நிறுவனப் பெயரை ஒற்றைக் கட்டமாக மாற்றும் சின்னப் பொத்தான் பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தலைப்பை முதல் எழுத்து மட்டும் பெரிதாக, மற்றதெல்லாம் சிறிதாக வைத்துச் சேமியுங்கள், எல்லாச் சொல்லும் பெரிய எழுத்தில் வேண்டும் என்கிற ஸ்டைலுக்கு அதுவே மாற்றிக்கொள்ளும், மறுபக்கம் தானாக மாறாது. நொய்யல், தமிழ்நாடு எல்லாம் சின்ன எழுத்தாகிவிட்டதா என்று ஒரு கண் வையுங்கள்.

உங்கள் மூன்று கேள்விக்கு வருகிறேன். குடிநீர் தரநிலையில் ஆண்டு முக்கியம். ஐஎஸ் 10500 என்று மட்டும் எழுதினால் பாதி ரெஃபரன்ஸ்தான், 1991 பதிப்பும் உண்டு, 2012 பதிப்பும் உண்டு. நீங்கள் எதை வைத்து ஒப்பிட்டீர்களோ அதை எழுதுங்கள்: ஐஎஸ் 10500:2012, தலைப்பு, பீரோ ஆஃப் இந்தியன் ஸ்டாண்டர்ட்ஸ், புது தில்லி. நீர்ப் பரிசோதனைக்கு எல்லோரும் ஏபிஹெச்ஏ (அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கம்) புத்தகத்தைக் காட்டுவார்கள், அதிலும் பதிப்பு எண் வேண்டும், 23-ஆம் பதிப்பு 2017. லேபில் இருப்பது ஒரு பதிப்பு, பட்டியலில் இருப்பது எங்கிருந்தோ நகலெடுத்த வேறொரு பதிப்பு என்று நடப்பது சாதாரணம். ரிவியூவர் அதே துறைக்காரராக இருந்தால் கண்ணில் பட்டுவிடும்.

தீர்ப்புக்கு ஆசிரியர் கிடையாது, வழக்கின் பெயர்தான் தலை. சாயப்பட்டறை வழக்கு என்று நினைக்கிறேன், திருப்பூர் டையிங் ஃபேக்டரி ஓனர்ஸ் அசோசியேஷன் எதிர் நொய்யல் ரிவர் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம். அதுவாக இருந்தால் (2009) 9 எஸ்சிசி 737, எஸ்சிசி என்பது சுப்ரீம் கோர்ட் கேசஸ் என்ற சட்ட இதழ். ஆண்டு, தொகுதி, சட்ட இதழின் சுருக்கப் பெயர், தொடங்கும் பக்கம், அவ்வளவுதான். பத்திரிகைச் செய்தியை மேற்கோள் காட்டி "உச்ச நீதிமன்றம் சொன்னது" என்று எழுதாதீர்கள், தீர்ப்பையே காட்டுங்கள். வாரிய அறிக்கை இணையத்தில் இருந்து எடுத்ததா? அரசுத் தளங்களில் முகவரி அடிக்கடி மாறும். இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் இன்றைக்கே சேமித்து அந்த முகவரியையும் கொடுங்கள்.

நொய்யல்காரன், ஈரோடு:
அதே வழக்குதானுங்க. அப்போ அதோடு வந்த 2011 உயர் நீதிமன்ற உத்தரவுக்கு நான் செய்தித்தாளைத்தான் காட்டியிருக்கிறேன், அதையும் மாற்றுகிறேன்.

பழைய பேனா, கோபி:
நான் முப்பது வருஷம் பாடம் நடத்திவிட்டு ஓய்வில் இருப்பவன், இந்தப் பொத்தான் விஷயமெல்லாம் எனக்குத் தெரியாது. அம்மணி சொல்வது சரி, தகவல்தான் முக்கியம். அதற்கும் ஒரு படி கீழே போக வேண்டும். தம்பி, அந்த அறுபத்துச் சொச்சத்தில் எத்தனை நீங்கள் படித்தவை?

மனம் புண்பட வேண்டாம். நான் திருத்திய ஆய்வேடுகளில் பார்த்தது இது: பழைய கட்டுரை ஒன்றை ஒருவர் மேற்கோள் காட்டும்போது ஆண்டை மாற்றி எழுதிவிடுவார். அடுத்து வருகிறவர் மூலத்தைத் திறக்காமல் அவரிடமிருந்து எடுப்பார், அவரிடமிருந்து இன்னொருவர். பிழை மட்டும் பத்திரமாகத் தலைமுறை தாண்டும். ஒரே தப்பு ஆண்டு மூன்று ஆய்வேட்டில் இருந்தால் மூன்று பேரும் மூலத்தைத் திறக்கவில்லை என்று அப்பட்டமாகத் தெரிந்துவிடும். மூலம் கிடைக்கவில்லை என்றால் "இன்னாரிடம் மேற்கோளாகக் கண்டது" என்று நேர்மையாக எழுத ஏபிஏ முறையிலேயே வழி இருக்கிறது. பட்டியலில் நீங்கள் கையில் பிடித்ததை மட்டும் போட வேண்டும். கையால் ஒவ்வொன்றாக எழுதிய காலத்தில் குறைந்தது ஒரு தரமாவது அட்டையைப் பார்த்தோம். இப்போது ஒட்டினால் வந்து உட்காருகிறது, யாரும் பார்ப்பதில்லை.

லேடெக்ஸ் பைத்தியம்:
ஐயா, கையால் எழுதின காலத்திலும் பிழை தலைமுறை தாண்டியது என்று நீங்களே சொல்கிறீர்களே. அப்போ கோளாறு பொத்தானில் இல்லையே.

பழைய பேனா, கோபி:
அதுவும் சரிதான்.

வேடிக்கை பார்ப்பவன்:
எல்லாம் சரிங்க, சாட்ஜிபிடி ஏன் கூடாதுன்னு இன்னும் யாரும் சொல்லல.

நூலகத்து அக்கா, கோவை:
சொல்கிறேன். அது பட்டியலை வரிசை மாற்றித் தரும்போது, குறையாக இருக்கிற இடத்தைச் சும்மா விடாது, பொருத்தமாகத் தோன்றுவதை நிரப்பிவிடும். நீங்கள் பக்க எண் விட்டிருந்தால் பக்க எண் ஒன்று வரும், பார்க்க அசலாகவே இருக்கும். புதிதாக ரெஃபரன்ஸ் தேடித் தரச் சொன்னால் இன்னும் மோசம்: நிஜமான ஆசிரியர், நிஜமான ஜர்னல், ஆனால் அப்படி ஒரு கட்டுரையே கிடையாது. டிஓஐ கூட 10 என்று ஆரம்பித்து அச்சு அசலாக இருக்கும், திறந்தால் ஒன்றும் வராது, அல்லது வேறு ஏதோ கட்டுரை வரும். சோதனை சுலபம், ஒவ்வொரு டிஓஐயையும் கிளிக் செய்து திறக்கிற பக்கத்தின் தலைப்பும் உங்கள் பட்டியலின் தலைப்பும் ஒன்றா என்று பாருங்கள். எடிட்டர்களும் இப்போது இதைப் பார்க்கிறார்கள், ஒன்று போலி என்று தெரிந்தால் மீதியை யார் நம்புவார்கள்?

ஜோட்டரோவில் ஏற்றியதால் இன்னொரு லாபம். வாபஸ் வாங்கப்பட்ட கட்டுரை உங்கள் சேகரிப்பில் இருந்தால் சிவப்புப் பட்டை காட்டும், 2019-இல் இருந்து இந்த வசதி இருக்கிறது. கையால் தட்டிய பட்டியல் இதைச் சொல்லாது.

கல்வெட்டுக்காரி, கரூர்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் சேரர் வரலாறு பக்கம், கட்டுரை தமிழில். உங்கள் டிஓஐ எல்லாம் எனக்கு எங்கே வரும்? கொடுமணல் பற்றி எழுதும்போது பதிற்றுப்பத்தைக் காட்ட வேண்டும், புகளூர்க் கல்வெட்டைக் காட்ட வேண்டும், பழைய பதிப்புகளைக் காட்ட வேண்டும். ஏபிஏ முறையில் "ஆசிரியர், ஆண்டு" என்றால் சங்கப் புலவருக்கு ஆண்டு என்ன போடுவது, கடைக்காரர் ஒருவர் 1904 என்று போட்டுக் கொடுத்தார், கபிலர் 1904-இல் எழுதினாரா?

பழைய பேனா, கோபி:
1904 உ.வே.சா. பதிப்பித்த ஆண்டு, கபிலர் தலையில் அதைக் கட்டக் கூடாது. கட்டுரைக்குள் பாட்டு எண்ணைக் காட்டுங்கள்: பதிற்றுப்பத்து 67, பதிற்றுப்பத்து 74. அந்த இரண்டிலும்தானே கொடுமணல் என்று கருதப்படும் கொடுமணம் வருகிறது. பாட்டு எண்ணும் அடி எண்ணும் எந்தப் பதிப்பை எடுத்தாலும் கிட்டத்தட்ட ஒன்றே, பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். பட்டியலில் நீங்கள் பயன்படுத்திய பதிப்பை, பதிப்பாசிரியர் பெயரோடும் அந்தப் பதிப்பின் ஆண்டோடும் ஒரு முறை போட்டால் போதும். பாடபேதத்தை வைத்து வாதம் செய்வதானால் எந்தப் பதிப்பில் எந்தப் பாடம் என்று கட்டாயம் சொல்ல வேண்டும். கல்வெட்டுக்கும் அப்படியே, தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதி எண், அதில் கல்வெட்டு எண். ஆண்டறிக்கையாக இருந்தால் எந்த ஆண்டு, எத்தனையாவது எண். பக்கம் இரண்டாம் பட்சம். உங்கள் துறைக்கு அடிக்குறிப்பு உள்ள சிகாகோ முறை ஒத்துவரும், ஜர்னல் அனுமதித்தால் கேட்டுப் பாருங்கள்.

டிடிபி கடை, சேலம்:
கபிலருக்கு 1904 போட்டது நான் இல்லைங்க. தமிழ்ப் பட்டியலில் எங்களுக்குப் பெரிய ரோதனை அகரவரிசைதான். யூனிகோடில் எழுத்துகள் அடுக்கியிருக்கிற வரிசை வேறு, நம்ம வரிசை வேறு. அதில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, வ-வுக்கு முன்னாலேயே ள, ழ எல்லாம் வந்துவிடும், ஜ போய் ச-வுக்குப் பக்கத்தில் உட்காரும். சில மென்பொருள் மொழி பார்த்துச் சரியாக அடுக்கும், சிலது அந்த எண் வரிசையிலேயே அடுக்கும். அடுக்கி முடித்த பிறகு ஒரு தடவை கண்ணால் பாருங்க. பழைய பாமினி எழுத்துருவில் உள்ள பட்டியல் என்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு வாங்க, இல்லாவிட்டால் ஜோட்டரோவுக்கு அது வெறும் ஆங்கிலக் கிறுக்கல்தான்.

ஒப்புமைச் சோதனைக்கு, அதாவது காப்பி அடித்ததா என்று மென்பொருளில் பார்ப்பதற்கு, கொடுக்கும்போது பட்டியலுக்கு மேலே தலைப்பைத் தனி வரியில் தெளிவாக வையுங்க. யுஜிசியின் 2018 விதிப்படி ரெஃபரன்ஸ் பட்டியல் ஒப்புமைக் கணக்கில் சேராது, 10 சதவீதம் வரைக்கும் தண்டனையும் இல்லை. ஆனால் பட்டியல் எங்கே ஆரம்பிக்கிறது என்று மென்பொருளுக்குத் தெரியாவிட்டால் மொத்தத்தையும் காப்பி என்று எண்ணிவிடும். ஆளுங்க பயந்துபோய் ஓடி வருவாங்க.

கல்வெட்டுக்காரி, கரூர்:
ஐயாவுக்கும் அண்ணனுக்கும் நன்றி. பாட்டு எண் போதும் என்று யாரும் இதுவரை சொல்லித் தரவில்லை.

நொய்யல்காரன், ஈரோடு:
இங்கே ஏறக்குறைய முடிந்துவிட்டது. எண் முறை ஸ்டைலைத் தேர்ந்தெடுத்தேன், வரிசை தானாக மாறிவிட்டது, நடுவில் ஒன்றைச் செருகிப் பார்த்தேன், கீழே எல்லாம் நகர்ந்தது. இரண்டு சந்தேகம் மட்டும். ஜர்னல் பெயரைச் சுருக்கமாக எழுதச் சொல்கிறார்கள், நானாகச் சுருக்கலாமா? இன்னொன்று, பழைய ஒரு கட்டுரை எங்கே தேடியும் டிஓஐ கிடைக்கவில்லை, அதை எடுத்துவிடணுமா?

நூலகத்து அக்கா, கோவை:
நீங்களாகச் சுருக்கக் கூடாது, ஐஎஸ்ஓ 4 என்று அதற்கு ஒரு தரமும் சொற்பட்டியலும் உண்டு. ஜர்னல் ஆஃப் ஹசார்டஸ் மெட்டீரியல்ஸ் என்பது ஜெ. ஹசார்ட். மேட்டர். என்று ஆகும். கீமோஸ்ஃபியர் மாதிரி ஒற்றைச் சொல் பெயர் சுருங்காது, அப்படியே இருக்கும். மருத்துவப் பக்கம் அதே சுருக்கத்தைப் புள்ளி இல்லாமல் எழுதுவார்கள், உங்கள் ஜர்னல் எது கேட்கிறது என்று அவர்கள் சமீபத்தில் வெளியிட்ட கட்டுரை ஒன்றைத் திறந்து பாருங்கள். வழிகாட்டிப் பக்கம் பல சமயம் பழசாக இருக்கும், அச்சான கட்டுரைதான் நடப்பு.

டிஓஐ இல்லை என்பதற்காக யாரும் எடுக்க வேண்டியதில்லை. அது 2000-த்தில் புழக்கத்துக்கு வந்த ஏற்பாடு, பழைய கட்டுரைகளுக்குப் பதிப்பகம் பின்னாளில் கொடுத்திருந்தால்தான் உண்டு. தொகுதி, ஆண்டு, பக்கம் சரியாக இருந்தால் போதும். புதிய இணைய ஜர்னல்களில் தலைகீழாக, பக்கமே இருக்காது, கட்டுரை எண் மட்டும் இருக்கும். அதைப் பக்க எண் என்று நினைத்து "1 முதல் 12 வரை" என்று பிடிஎஃப் பக்கத்தை எண்ணிப் போடாதீர்கள்.

லேடெக்ஸ் பைத்தியம்:
ஒன்று விட்டுப்போச்சு. பெரிய பதிப்பகங்களில் நிறைய ஜர்னல்கள் முதல் தடவை அனுப்பும்போது எந்த முறையில் இருந்தாலும் ஏற்கும், ஒரே சீராக இருந்தால் போதும் என்று வழிகாட்டியிலேயே போட்டிருப்பார்கள், ஏற்றுக்கொண்ட பிறகுதான் முறை பார்ப்பார்கள். அடுத்த தடவை அதை முதலில் படிங்க, பாதி வேலை மிச்சம். இவங்க ஜர்னல் அந்த ரகம் இல்லை போல.

டிடிபி கடை, சேலம்:
அனுப்பும் முன் ஃபைலை இரண்டாக நகலெடுங்க. ஒன்றில் ஜோட்டரோ இணைப்பு அப்படியே இருக்கட்டும், ரிவியூவர் திருத்தம் கேட்டால் அதில்தான் செய்யணும். இன்னொன்றில் "அன்லிங்க் சைட்டேஷன்ஸ்" கொடுத்து வெறும் எழுத்தாக்கி அதை அனுப்புங்க, சில ஜர்னல் தளங்களில் ஏற்றும்போது குறியீடு சிதறும். இணைப்பை அறுத்த ஃபைலைத் திரும்ப ஒட்ட முடியாது. இரண்டுக்கும் பெயரைத் தெளிவாக வையுங்க, "ஃபைனல்", "ஃபைனல் நியூ" என்று வைத்துவிட்டு எது எது என்று என்னைக் கேட்காதீங்க.

நொய்யல்காரன், ஈரோடு:
அப்படியே செய்கிறேன் அண்ணா. கடைசியாக ஒன்று அக்கா, என் பெயரையே இந்தப் படிவத்தில் எப்படிக் கொடுக்க? எனக்கும் ஒற்றை இனிஷியல்தான்.

நூலகத்து அக்கா, கோவை:
கடைசிப் பெயர் கட்டத்தில் உங்கள் பெயர், முதல் பெயர் கட்டத்தில் இனிஷியல். இனிஷியலை மட்டும் ஏற்காத படிவமாக இருந்தால் அப்பா பெயரை அங்கே முழுதாகக் கொடுங்கள். எந்த வடிவத்தை எடுக்கிறீர்களோ அதையே இனி எல்லாக் கட்டுரையிலும் பயன்படுத்துங்கள், நடுவில் மாற்றினால் ஸ்கோபஸில் இரண்டு ஆளாகிவிடுவீர்கள். ஆர்கிட் எண் (ஆய்வாளருக்கான அடையாள எண்) இல்லையென்றால் இன்றைக்கே வாங்கிவிடுங்கள், இலவசம், 16 இலக்கம், பெயர் எப்படி எழுதப்பட்டாலும் அந்த எண் உங்களுடையதுதான். சமர்ப்பிக்கும் பக்கத்தில் அதற்கென்று கட்டம் இருக்கும், பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே.